மகேந்திரராஜாவின் இடது கை

தேக்குக் கதிரையின் கையில் ஐந்து நகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழும் சத்தம். சுண்டுவிரலில் தொடங்கும், பெருவிரலில் முடியும். தகரக் கூரையில் மழை தன் முதல் துளிகளை யோசித்து யோசித்துப் போடுவது போலிருக்கும். யாழ்ப்பாணப் பாதை திறந்த அடுத்த வருடம், மாத்தளைப் பக்கத்துப் பலாபத்வலயில் எங்கள் முன்னறையில், ஒரு வாரம் அந்தச் சத்தம் கேட்டது. அதற்கு முன் என் புருஷன் யோசித்தால் சத்தம் வராது. அந்த ஒரு வாரம் மட்டும் அவர் யோசிப்பது குசினிவரை கேட்டது.

அவர் பெயர் மகேந்திரராஜா. மாத்தளையில் ஓர் அரசாங்க ஸ்டோர்ஸுக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர்தான், ஸ்டோர்ஸ் அல்ல. அதைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். எங்கள் வீட்டுக்குள் ஒரு சாமான் வருவதென்றால் மூன்று கடையில் விசாரிக்க வேண்டும், மாதிரி எடுக்க வேண்டும், பரிசோதிக்க வேண்டும். புதுக் குடை வாங்கினால் அவர் முற்றத்தில் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் வாங்கில் ஏறி நின்று ஒரு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றுவதில் எனக்கு ஒருநாளும் ஆட்சேபணை இருந்ததில்லை. அலுமாரிக் கைப்பிடி ஒன்று உடைந்தபோது அதற்குப் பதில் கைப்பிடி தெரிவு செய்யத் தொடங்கினார். தெரிவு முடிவதற்குள் மகள் படித்து முடித்து, கலியாணம் முடித்து, கனடாவும் போய்விட்டாள்.

மகன் அதற்கு முன்பே போயிருந்தான். வீட்டில் பேசுவதற்கு மிஞ்சியது இரண்டு பேர். அதில் ஒருவர் பகலில் தூங்குவார். அப்போதுதான் நான் கண்டிக்குப் போய் நகத்துக்கு அழகு செய்யும் வேலை படித்தேன். ஊரில் அதற்கு ஒரே சொல்தான், கியூடெக்ஸ் பூசுவது. நான் படித்தது கொஞ்சம் வேறு. ஜெல் என்று ஒன்று. தேன் போலிருக்கும். நகத்தில் மெல்லியதாகப் பூசி, நீல வெளிச்சம் எரிகிற ஒரு சின்னப் பெட்டிக்குள் கையை வைத்தால் இறுகிவிடும். இரண்டு கிழமைக்குப் பளபளப்புக் குறையாது. மாத்தளைப் பக்கம் அப்போது அதைக் கண்டவர்கள் குறைவு.

"பேராதனைக் கம்பஸ்ல கவிதை படிச்ச கை" என்றார் இவர், சாய்மனைக் கதிரையில் படுத்தபடி. "ஊரார் நகத்தைச் சுரண்டப் போகுதா?"

"கவிதை படிச்சேன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் என்கிட்ட கையை நீட்டலங்க."

"எங்க வச்சுச் செய்யப்போறே?"

"முன்னறையில."

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

முன்னறை அவருடைய ராச்சியம். அங்கேதான் அந்தத் தேக்குக் கதிரை. அங்கேதான் பகல் தூக்கம். சனிக்கிழமைகளில் ஓய்வூதியர் சங்கம் கூடுவதும் அங்கேதான். எனக்கோ அந்த அறையைவிட்டால் வேறு இடமில்லை. றோட்டைப் பார்த்த கதவு, காலை வெளிச்சம் விழும் ஜன்னல், கரண்ட் பிளக், எல்லாம் அதற்குள்தான். குசினியில் வைத்துச் செய்தால் வருகிறவள் சிவப்பு நகத்தோடும் சாம்பார் வாசத்தோடும் போவாள்.

எனக்கு முதல் வாடிக்கை காத்திருந்தது. பக்கத்து வீட்டு நூருன்னிஸா கலியாணப் பெண்களுக்கு உடுப்புத் தைப்பவள். பலாபத்வலயில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் பதுர்தீனின் மனைவி. அவர்களுடைய மகள் ஸரீனாவுக்கு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து கலியாணம். அந்தப் பிள்ளையின் பத்து விரலும் சரியாக அமைந்தால், தாயிடம் உடுப்புத் தைக்க வருகிற அத்தனை பெண்களும் வேலியைத் தாண்டி என்னிடம் வருவார்கள். அமையாவிட்டால், நான் கண்டிக்கு பஸ் ஏறிப்போய்ப் படித்ததெல்லாம் பஸ் ஏறிப் போனதோடு சரி.

நூருன்னிஸாவின் தங்கை ஹவ்வா டுபாயிலிருந்து வரும்போது எனக்காக இரண்டு பெட்டி கொண்டுவந்தாள். இரண்டும் ஜெல்தான், முறைதான் வேறு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விளக்கு. ஒன்று கெட்டி ஜெல், போட்டால் கல். எடுப்பதென்றால் அரத்தால் அராவித்தான் எடுக்க வேண்டும். மற்றது ஊற வைத்தால் கழருகிற ஜெல். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைக் கண்டியில் எனக்குப் படிப்பித்த நோனாவுக்குக் கொடுப்பதென்று பேச்சு.

மேசையில் இரண்டு பெட்டியையும் கண்டதும் இவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. இத்தனை வருடம் கழித்து மறுபடியும் ஒரு தெரிவு.

"அருந்ததி, நான் யோசிச்சுப் பார்த்தேன். உனக்குக் குறுக்க நிக்கிறது சரியில்ல. எது நல்ல முறைன்னு நானே தெரிவு செஞ்சு தாறேன். தெரிவு முடிஞ்ச அன்னைக்கே முன்னறை உனக்கு."

"உண்மையாவா?"

"அரசாங்க வார்த்தை."

அந்தப் பின்னேரம் முழுவதும் நான் சந்தோஷமாக இருந்தேன். பொழுதுபட நூருன்னிஸா வேலிக்கு வந்தாள்.

"அக்கா, ஒங்கட ஐயா எங்கட கடைக்கு வந்தீந்தாராம்."

"எதுக்கு?"

"பெயின்ட் விசாரிக்கவாம். எனாமலுக்கும் வார்னிஷுக்கும் என்ன வித்தியாசம்னு எங்கட மனுஷன்ட்ட ஒரு மணித்தியாலம் கேட்டாராம். பெறகு சிரிச்சாராம்."

"எதுக்குச் சிரிச்சார்?"

"தெரிவு முடிஞ்சாத்தானே முன்னறைய குடுக்கிற. எண்ட கையில ஈக்கிற தெரிவு எப்ப முடிஞ்சீக்கி, முதலாளின்னு கேட்டாராம்."

வேலியில் படர்ந்திருந்த மிளகுக் கொடியில் ஒரு காயைக் கிள்ளி வாயில் போட்டேன். உறைத்தது.

"பதுர்தீன் நானா இதை உன்கிட்ட சொல்லலாமா?"

"சொல்ல வாணாம்னு ஐயா சொன்னாராம். அதனாலதான் அவர் கடையப் பூட்டாமலே ஓடி வந்து சொன்னார்."

நான் சண்டை போடவில்லை. ஸ்டோர்ஸ்காரரோடு ஸ்டோர்ஸ் முறையில்தான் போக வேண்டும். அடுத்த நாள் காலை பால் விடாத பிளேன்டியோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னங்க, சாம்பிள் டெஸ்ட் இல்லாம எப்படித் தெரிவு செய்வீங்க?"

"டெஸ்ட் இல்லாம நான் என்ன செஞ்சிருக்கேன்? டெஸ்ட் இருக்கு. குறைஞ்சது மூணு மாசம் போட்டுப் பார்க்கணும்." மூன்று மாசம் என்று சொல்லும்போது அவர் வாய் இனித்தது.

"யார் கையில?"

"உன் கையிலதான்."

"சாமானை உபயோகிச்சு வேலை செய்யப்போறவளே டெஸ்டும் பண்ணலாமா?"

அவர் பிளேன்டியைக் கீழே வைத்தார். "பண்ணக்கூடாது. அது முறையில்ல."

"நூருன்னிஸா கையில?"

"அவங்க வாடிக்கைப் பக்கம். பக்கச்சார்பு வந்துரும்."

"ஒரே ஆளுடைய ரெண்டு கையா இருந்தா நல்லது. ஒரு கையில ஒண்ணு, மற்றதில மற்றது. அப்பதான் ரெண்டும் ஒரே வேலையைப் பார்க்கும், ஒரே தண்ணியில நனையும். ஆனா அப்படி நடுநிலையான கைக்கு நான் எங்க போறது."

நான் ஜன்னலைப் பார்த்தேன். தம்புள்ளை மரக்கறி லொறி ஒன்று போனது. திரும்பிப் பார்த்தபோது அவர் தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்து, மேல்முறையீடு செய்ய இடமே இல்லாத இரண்டு சாட்சிகளைப் போல அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். புதிதாக நக வேலை படித்தவளுக்கு இல்லாமல் போவது பூசுமருந்தல்ல, கைதான். பத்து விரலை நீட்டி, அசையாமல் உட்கார்ந்து, பிழைவிட்டால் பொறுத்துக்கொள்ள ஒரு மனிதப்பிறவி கிடைப்பதில்லை. எனக்குக் கிடைத்தது. அதுவும் ஓய்வூதியத்தோடு.

"நிறம் இல்லாத ஜெல் பூசு" என்றார்.

"பதுர்தீன் நானா உங்களுக்குப் பெயின்ட் காட்டும்போது தண்ணியைப் பூசியா காட்டினார்? நிறம் இருந்தாத்தானே எங்க உரியுது, எங்க வெடிக்குதுன்னு தெரியும்."

"அதுவும் சரி. என்ன நிறம்?"

"சிவப்பு. ஸரீனா கேட்ட நிறம்."

"இடது கையில என்ன போடுறே?"

"கெட்டி ஜெல். ஆனா சொல்லிட்டேன், அது லேசில கழராது."

"கழராதா?" அவர் முகம் மலர்ந்தது. "அதுதானே தரம். கழருற சாமானை யார் வாங்குவாங்க? முப்பது வருஷம் நான் தேடினது கழராத சாமானைத்தான்."

இதற்குமேல் எச்சரிக்க ஒரு மனைவிக்குக் கடமையில்லை.

நகத்தைச் சுற்றியிருந்த தோலைக் குச்சியால் தள்ளினேன். மேலே மெல்ல உரசினேன். எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்தேன். முதல் பூச்சு, விளக்கு. நிறம், விளக்கு. மறுபடி நிறம், மறுபடி விளக்கு. கெட்டி ஜெல்லை முதல் விரலில் தடிப்பாக வைத்துவிட்டேன். அந்த ஜெல்லுக்கு ஒரு குணம், தடிப்பாக இருந்தால் இறுகும்போது சுடும்.

"சுடுது."

"கையை வெளிய எடுங்க. ஆறின பிறகு வையுங்க."

"இப்ப?"

"வையுங்க."

"சுடுது."

"எடுங்க."

"இதென்ன, அடுப்பில அப்பம் சுடுறியா?"

பெருவிரல் பெட்டிக்குள் சரியாகப் படுக்கவில்லை. அதைக் கடைசியில் தனியாக வைக்கச் சொன்னேன்.

"எல்லாத்துக்கும் ஒண்ணா விளக்கு. இதுக்கு மட்டும் ஏன் தனியா?"

"மற்றதெல்லாம் நேரா நிக்குதுங்க. இது மட்டும் வீட்டுக்குப் பெரியவர் மாதிரி ஒரு பக்கம் சாஞ்சுக்கிட்டே நிக்கும். வெளிச்சம் படாது."

அவர் பெருவிரலைத் தனியாக வைத்தார். பெருமையோடு வைத்தார்.

வலது கைக்குக் கழருகிற ஜெல். முதல் விரலில் விட்ட பிழையை இரண்டாம் விரலில் விடவில்லை. பத்தாவது விரலுக்கு வந்தபோது என் கைக்குத் தூரிகை பிடிபட்டிருந்தது. தோலில் படாமல், ஓரத்தில் வழியாமல், ஒரே இழுப்பில் வந்தது. ஒரு வரி தானாக அமைந்துவிடுகிறபோது வருகிற நிம்மதி வந்தது.

பிறகு பரிசோதனை வாரம். அவர் செங்கல்லைச் சுரண்டினார். தேங்காய் துருவினார். சட்டி கழுவினார். இருபத்தெட்டு வருடக் கலியாண வாழ்க்கையில் சட்டி கழுவியது அதுதான் முதல்முறை. விஞ்ஞானத்துக்காக என்பதால் நான் நன்றி சொல்லவில்லை. சட்டி ஓய்ந்தால் கதிரையில் தட்டிக்கொண்டு யோசித்தார். இரண்டு கையும் தாங்கின. வலது கையில் ஒரு ஓரம் மட்டும் லேசாக உயர்ந்தது. இடது கை எனாமல் பேசின் மாதிரி அப்படியே இருந்தது.

ஒருநாள் பின்னேரம் நான் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தேன். அவர் ஜன்னலோரம் நின்று இடது கையை மேற்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் சிரிப்பு. நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. இன்றுவரை யாரிடமும் சொன்னதுமில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தார்.

"நாளைக்குச் சங்கத்தில வருஷக் கூட்டம். தலைவர் தெரிவு. என் பேரைப் பிரேரிக்கிறாங்க. இதை இப்பக் கழட்டிரு, திங்கட்கிழமை மறுபடியும் போட்டு டெஸ்டைத் தொடங்கலாம்."

வலது கையை வாங்கினேன். மேல் பளபளப்பை உரசி, பஞ்சில் அசிட்டோன் நனைத்து வைத்து, வெள்ளித்தாளால் ஒவ்வொரு விரலாகச் சுற்றினேன். தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் ஜெல் இதழ் இதழாக விட்டது. கீழே அவருடைய சொந்த நகம், ஒன்றும் நடக்காததுபோல் இருந்தது.

"சரி. இப்ப இடது."

"இடது கழராதுங்க."

"வெள்ளித்தாளைச் சுத்து."

"சுத்தினாலும் கழராது. நான் சொன்னேனே, நீங்கதானே தரம்னு சொன்னீங்க."

"தரம்னா, வேணுங்கிற நேரம் கழரணும்ல?"

"அது டெண்டர்ல இல்ல."

வெள்ளித்தாள் சுற்றினேன். கழரவில்லை. பின்பக்கம் போய் மண்ணெண்ணெய் பூசிப் பார்த்தார். தேசிக்காயைப் பிழிந்து தேய்த்தார். பதுர்தீனின் கடையிலிருந்து டர்பன்டைன் வந்தது, அதோடு பதுர்தீனும் வந்தார், பார்த்தார், "நல்ல சரக்கு ஐயா, எங்கட எனாமல் இவ்வளவு நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அராவ வேணும்" என்றேன். "நான் புதுசு. அவசரப்பட்டா உங்க நகமும் சேர்ந்து போயிரும். ஆறுதலாத்தான் செய்யணும்."

சுண்டுவிரலில் தொடங்கினேன். அரம் பட்டதும் அவருக்குக் கூசியது. கூசியதும் சிரித்தார். சிரித்ததும் கோபம் வந்தது. சுண்டுவிரல் ஒன்றை முடிப்பதற்குள் கறி தீய்ந்துவிட்டது.

"நிப்பாட்டு. ஸ்டோர்ஸ்ல இதுக்கு வழி இருக்கு."

"என்ன வழி?"

"குறைபாடுள்ள சாமானை மூடி வைக்கிறது."

சனிக்கிழமை காலை அவர் இடது கை மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை பன்டேஜுக்குள் இருந்தது. சுற்றியது நான்தான். நன்றாகவே சுற்றினேன். ஓய்வூதியர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வாசலிலேயே துக்கம் விசாரித்தார்கள்.

"ஐயோ, என்ன நடந்தது மகேந்திரராஜா?"

"ஒண்ணுமில்ல. அடுப்புச் சுட்டுருச்சு."

"நீங்க அடுப்படிக்குப் போறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். சுட்டதைவிட அதுதான் அவருக்கு அதிர்ச்சி.

ஸ்டோர்ஸில் முப்பது வருடம் இருந்தவர் ஒரு விஷயத்தை மறந்துவிட்டார். சங்கத்தில் அப்போதிக்கரி சபாரத்தினம் இருந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆயுள் முழுக்கக் காயத்துக்கு மருந்து போட்டவர். கட்டுப்போட்ட கையைக் கண்டால் சும்மா இருக்க அவரால் முடியாது.

"எரிகாயத்துக்கு யார் இப்பிடி இறுக்கிக் கட்டினது?"

"பரவாயில்ல ஐயா."

"என்ன பரவாயில்ல? காத்துப்படாட்டிச் சீழ் பிடிக்கும். கையைக் கொண்டாங்க."

"கூட்டத்தை முதல்ல தொடங்குவோம்."

"தலைவராகப்போறவருக்குக் கை அழுகினா யார் கையெழுத்து வைக்கிறது? இங்க நீட்டுங்க."

"இது இடது கை."

"அழுகுறது இடம் வலம் பார்க்காது."

நான் குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். சபாரத்தினம் கதிரையில் அமர்ந்து, கண்ணாடியை மாட்டி, பழகிய விரல்களால் பன்டேஜைச் சுற்றுச்சுற்றாக அவிழ்த்தார். சங்கம் முழுவதும் கழுத்தை நீட்டியது. கடைசிச் சுற்றும் விழுந்தது. நான்கு விரலில் ஸரீனாவின் கலியாணச் சிவப்பு, சுண்டுவிரல் மட்டும் வெறுமையாக.

றோட்டில் ஒரு லொறி போய் முடிந்தது.

சபாரத்தினம் பெருவிரல் நகத்தைத் தன் நகத்தால் தட்டிப் பார்த்தார். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"காயம் நல்லா ஆறியிருக்கு மகேந்திரராஜா."

அதற்குப் பிறகு அறையில் யார் சிரித்தார்கள், யார் இருமினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இவர் எழுந்து நின்றார். "இது தொழில்நுட்பப் பரிசோதனை" என்றார். எழுந்து நின்றதால் கை இன்னும் நன்றாகத் தெரிந்தது.

சிரிப்புக் கேட்டு நூருன்னிஸாவும் ஸரீனாவும் குசினிப் பக்கமாக வந்துவிட்டார்கள். முக்காட்டை இழுத்துக்கொண்டு என் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

இவர் தோற்றுப்போகிறவரல்ல. எல்லோருக்கும் கேட்கும்படி தன் முடிவைச் சொன்னார்.

"நீங்க சிரிக்கலாம். ஆனா டெஸ்ட் முடிவு தெளிவா இருக்கு. செங்கல்லுக்குத் தாங்கிச்சு, மண்ணெண்ணெய்க்குத் தாங்கிச்சு, அசிட்டோனுக்கும் தாங்கிச்சு. சாமான்னா இது சாமான். இன்னும் ரெண்டொரு மாசம் பார்த்திட்டு இதையே..."

"ஐயா, ஒரு கேள்வி" என்றாள் நூருன்னிஸா என் தோளுக்குப் பின்னாலிருந்து.

"கேளுங்க தங்கச்சி."

"எங்கட புள்ள இதப் போட்டா எப்பிடித் தொழுகிற?"

"தொழுகைக்கும் நகத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"தொழ முந்தி வுழூச் செய்யணும். கை, முகம், கால் கழுவுற. நகத்துல தண்ணி படணும் ஐயா. மருதோன்றி நெறம் மட்டும்தான், தண்ணிய மறிக்காது. இது ஓடு மாதிரி மேல ஈக்கி, மறிக்கும். தொழணும்னா இது கழரணும். தொழுகை இல்லாத நாளும் எங்களுக்கு ஈக்கி, எந்த நாள் போடுற, எந்த நாள் கழட்டுறங்கிறத அக்காட்ட கேளுங்க, அது பொம்பளைங்கட விஷயம்."

"அப்ப..." இவர் சங்கத்தைப் பார்த்தார். சங்கம் அவரைப் பார்த்தது. "அப்ப கழருறதுதான் தரமா?"

"எங்களுக்கு அதுதான் தரம். கழராட்டி இங்க ஒரு பொம்பளயும் வராது. பாவிக்கிறவங்கள்ட்ட கேக்கிற பழக்கம் ஸ்டோர்ஸ்ல இல்லையா ஐயா?"

"இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில இருக்கிறோம், இது எனக்குத் தெரியாதே." அவர் மெல்லத்தான் சொன்னார். என்னைப் பார்த்து, "உனக்குத் தெரியுமா?"

"பெட்டி ரெண்டும் வரமுந்தியே தெரியும்."

"அப்ப ஏன் டெஸ்ட்?"

"தெரிவு உங்க கையில இருந்துச்சே."

அவர் இடது கையைப் பார்த்தார். வலது கையைப் பார்த்தார். நேற்றுப் பின்னேரம் வெள்ளித்தாளுக்குள்ளிருந்து இதழ் இதழாக விட்டுப்போன சுகம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். இத்தனை பேர் முன்னால், இந்தக் கையோடு, கெட்டி ஜெல்லுக்காக அவரால் இனி வாதாட முடியவில்லை.

"கழருற ஜெல்தான்" என்றார்.

"தெரிவு முடிஞ்சுதாங்க?"

"முடிஞ்சுது."

"சபாரத்தினம் ஐயா, நீங்கள்லாம் கேட்டீங்கதானே? தெரிவு முடிஞ்ச அன்னைக்கே முன்னறை எனக்குன்னு அரசாங்க வார்த்தை தந்திருக்கார்."

"கேட்டோம் பிள்ளை" என்றார் சபாரத்தினம். "வருஷக் கூட்டமே கேட்டிருக்கு."

பிறகு தலைவர் தெரிவு நடந்தது. கை உயர்த்தி வாக்களிப்பது சங்கத்தின் வழக்கம். தன் வாக்கைத் தானே போடலாமென்று விதி. இவர் வலது கையைத்தான் உயர்த்தினார், ஆனாலும் எல்லோரும் மற்றக் கையையே பார்த்தார்கள். ஏகமனதாகத் தலைவரானார். அடுத்த சனியிலிருந்து சங்கம் பதுர்தீனின் கடைக்குப் பின்னால் சீமெந்து மூட்டைகளுக்கு நடுவில் கூடியது.

அன்று பின்னேரம் மிச்ச நான்கு விரலையும் அராவினேன். அவர் கூச்சத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுவிரலில் இருந்தபோது பேச்சை ஆரம்பித்தார்.

"ஒரு நிபந்தனை."

"சொல்லுங்க."

"அறை உன்னுடையது. ஆனா என் கதிரை அங்கதான். மூலையில. பகல்ல நான் அங்கதான் தூங்குவேன். நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரு."

"சரி."

நான் அவ்வளவு சீக்கிரம் சரி சொல்லியது அவருக்குப் பிடித்தது. தோல்விக்குள்ளும் ஒரு மூலையைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில், அரத்துக்கு விரலை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

கெட்டி ஜெல் பெட்டி கண்டிக்குப் போனது. கலியாணத்துக்கு முதல்நாள் காலை ஸரீனா வந்தாள். கூடவே தாய், சின்னம்மா ஹவ்வா, கூட்டாளிப் பெண்கள், இன்னும் நான் பெயர் கேட்காத ஒரு கூட்டம். ஜன்னலோரம் புது மேசை. விளக்குப் பெட்டி. மூலையில் கதிரை. கதிரையில் மகேந்திரராஜா, கண்ணை மூடிக்கொண்டு.

ஒருத்தியும் உட்காரவில்லை. சுவரோரம் வரிசையாக நின்றார்கள்.

"உக்காருங்க, ஏன் நிக்கிறீங்க?" என்றேன்.

நூருன்னிஸா என் காதருகில் பேசினாள். அறை முழுக்கக் கேட்கும் காதருகுப் பேச்சு. "அக்கா, ஐயா ஈக்கக்க நாங்க எப்பிடி முக்காட்டத் தொறக்கிற? புள்ளைங்க கைய மேல இழுத்து நீட்டுற எப்பிடி?"

கதிரையில் ஒரு கண் திறந்தது.

"நான் தூங்குறேன்" என்றார்.

"தூங்குற ஆம்பளயும் ஆம்பளதானே ஐயா" என்றாள் ஹவ்வா.

அவர் என்னைப் பார்த்தார். நான் தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்தார். செருப்பைத் தேடினார். எந்தப் பக்கத்தால் போவதென்று ஒரு கணம் நின்றார். முன்கதவை மறித்து மூன்று பெண்கள் நின்றார்கள். பின்பக்கத்தால் போனார். அவர் தலை மறைந்ததும் முக்காடுகள் விழுந்தன, வளையல்கள் மேலேறின, மருதோன்றிக் கைகள் மேசையில் விரிந்தன. அறை குருவிக் கூடு மாதிரியானது. ஸரீனாவின் முதல் விரலைப் பிடித்தேன். என் கை நடுங்கவில்லை. எல்லா நடுக்கத்தையும் ஏற்கெனவே ஒருவர் தன் இடது கையில் வாங்கிக்கொண்டிருந்தார்.

கலியாணம் முடிந்த மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை வந்து, சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போனாள். அடுத்த கிழமை நாலந்தாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். பிறகு தம்புள்ளையிலிருந்து. கதிரையைக் குசினிக்கும் கிணற்றடிக்கும் நடுவில் போட்டுக்கொடுத்தேன். முன்கதவில் நூருன்னிஸா தைத்த திரை ஏறியது. ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பலகை தொங்கியது. பலகையை எழுதியது இவர்தான். மரத்தை மூன்று கடையில் விசாரித்து வாங்கினார்.

மகேந்திரராஜா இரண்டாயிரத்துப் பதினாலில் மாசித் தேருக்குச் சில நாட்கள் முன்பு காலமானார். அன்றைக்குத் திரையைக் கழற்றி அவரை முன்கதவால் கொண்டுபோனோம்.